வருவதாக இருந்தவர்கள்

“ஒரு பிள்ளையைக் கொல்றதுக்கு ஒரு தொப்பி போதுமே தாயி. அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு அது தெரியாதா?”

பூரணம் கேட்டாள்.

நாச்சியார் நிமிரவில்லை. முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கொழுந்துமலை மடத்தில் எல்லாருக்கும் நாச்சியார்தான் குரு. வயது இருபத்தேழு. பூரணத்துக்கு முப்பத்து நாலு.

“உன்னைவிடச் சின்னப் பொண்ணுகிட்டப் போயி என்னத்தடி கேட்டுக்கிடுவ?” என்று காய் நறுக்குகிற கோமு சிரிப்பாள்.

பூரணம் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. மடத்துச் சமையல்கட்டு அவள் பொறுப்பு. ஒரு வேளைக்கு நாற்பது இலை. வேலை ஒழிந்ததும் நாச்சியாரிடம் போய் உட்காருவாள். மனசில் அரிக்கிறதைக் கேட்பாள். குளிர்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்பதால், தினம் ஒரு இங்கிலீஷ் வாக்கியமும் படித்துக்கொள்வாள்.

அன்றைக்கு வாக்கியம் படிக்க வரவில்லை. வெலவெலத்துப் போய் வந்திருந்தாள்.

காலையில் நடந்தது அப்படி.

பந்தி நடந்துகொண்டிருந்தது. ரூத்தம்மா எழுந்து சமையல்கட்டுக்குள் வந்தாள். ஒரு மாதமாக மடத்தில் தங்கியிருக்கிற இங்கிலீஷ்காரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நெட்டையான ஆள். நிலைப்படியில் தலை இடிக்காமல் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை.

அன்றைக்கும் இடித்துக்கொண்டாள். நெற்றியைத் தடவிக்கொண்டே பூரணத்தின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

பூரணம் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். எவ்வளவு இழுத்தாலும் ஏழு மாசத்தை மூட முடியுமா?

ரூத்தம்மா பைக்குள் கைவிட்டு ஒரு தொப்பியை எடுத்தாள். மஞ்சள் உல்லன் நூலில் பின்னியது. உள்ளங்கையில் அடங்குகிற அளவு.

“ஃபார் பேபி,” என்றாள்.

கோமு “ஐயய்யோ” என்று வாயைப் பொத்தினாள்.

பூரணம் அதைப் பிடுங்கி அடுப்புக்குள் எறிந்தாள்.

யோசித்து எறியவில்லை. மேலே விழுந்த பாம்பை உதறுகிற மாதிரிதான் உதறினாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நொடியில் வந்தது. ரூத்தம்மா எரிகிற அடுப்புக்குள் கையை விட்டாள்.

தொப்பி கிடைக்கவில்லை. மயிர் கருகுகிற நாற்றம்தான் வந்தது. ரூத்தம்மா வெந்த விரல்களை மற்ற கையால் பிடித்துக்கொண்டு, பூரணத்தைப் பார்த்து இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். பிறகு குனிந்து வெளியே போய்விட்டாள்.

அந்தத் தடவை தலை இடிக்கவில்லை.



“யாரு சொன்னா, தொப்பி பிள்ளையைக் கொல்லும்னு?” நாச்சியார் இப்போதுதான் வாய் திறந்தாள்.

“யாரும் சொல்ல வேண்டாம் தாயி. நானே கொன்னிருக்கேன்.”

கீரை ஆய்ந்த கை நின்றது.

“உள்ள இருக்கிற பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது. தைக்கக் கூடாது. பேரு நெனைக்கக் கூடாது. எங்க வீட்ல அப்படித்தான். பொறந்தப்புறம் பழைய வேட்டியைக் கிழிச்சுச் சுத்துவோம். பதினாறு நாளு கழிஞ்சாத்தான் புதுத்துணி.”

“ஏழாம் மாசம் வளையல் போடுறோமே?”

“அது எனக்குல்ல போடுறாங்க? பிள்ளைக்கா போடுறாங்க?”

நாச்சியார் தலையாட்டினாள்.

“மூணு வருசத்துக்கு முன்னாடி எனக்கு எட்டாம் மாசம். மத்தியானம் வீட்ல எல்லாரும் கண்ணசந்த நேரத்துல ஒரு சட்டை தச்சேன். பச்சை கலரு. கழுத்துல ரெண்டு பூ. யாருக்கும் தெரியாம அரிசிப் பானைக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சேன். பொத்தான் தச்சு முடிச்ச மூணாம் நாளு பிள்ளை அசையலை.”

நாச்சியார் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

“காரியம் எல்லாம் முடிஞ்சப்புறம் அரிசி எடுக்கப் போன எங்க மாமியா அந்தச் சட்டையைப் பாத்துட்டாங்க. ‘முன்கூட்டியே தச்சியாக்கும்?’னு கேட்டாங்க. ஒரே ஒரு தடவ. அப்புறம் கேக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் கேக்கலை.”

பூரணம் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இந்தத் தடவ நான் ஒண்ணுமே பண்ணலை தாயி. மாசத்தைக்கூட விரல் விட்டு எண்ணலை. எங்க வீட்டுக்காரரு என் வயித்தைப் பாத்துப் பேசினா, திரும்பிப் படுத்துக்கிடுவேன். இவ்வளவு பத்திரமா இருந்தேனே. இந்தம்மா எங்கேருந்தோ வந்து, நாப்பது பேரு பந்தியில உக்காந்திருக்க, தொப்பியை நீட்டுறாளே!”

நாச்சியாரின் கண் பூரணத்தின் முகத்தில் இல்லை. கீழே இருந்தது. பாதத்தில்.

மெட்டி சதைக்குள் புதைந்து கிடந்தது.

“கால் எப்போலேருந்து இப்படி இருக்கு?”

“பத்து நாளா. எனக்கு இது வழக்கந்தான். போன தடவையும் வீங்குச்சு.”

“தலைவலி?”

“இருக்கும். எந்நேரமும் புகையிலதான நிக்கிறேன்.”

“ஆஸ்பத்திரில காட்டினீங்களா?”

“இல்ல.”

“கார்டு போட்டாச்சா?”

“இல்ல. நர்ஸம்மா மூணு தடவ தேடி வந்துச்சு. நான் வெறகுக்குப் போயிருக்கேன்னு கோமுவைச் சொல்லச் சொல்லிட்டேன்.”

“ஏன்க்கா?”

“கார்டுல தேதி எழுதுவாங்கல்ல? பிள்ளை இன்ன மாசம் இன்ன தேதிக்கு வரும்னு எழுதி, கையில வேற குடுத்துருவாங்க. அதுக்கும் சட்டை தைக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்? நான் அந்தத் தப்பை ரெண்டாந் தடவ செய்ய மாட்டேன்.”

“போகணும்க்கா.”

“மாட்டேன்.”

“உயிர் சம்பந்தப்பட்ட காரியம்.”

“அதனாலதான் தாயி மாட்டேங்கிறேன்.”

நாச்சியார் முறத்தை நகர்த்தி வைத்தாள். எழுந்து வெளியே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பூரணம் அங்கேயேதான் இருந்தாள். கேட்க இன்னொன்று பாக்கி இருந்தது.

“கையை வேகவச்சுக்கிட்டு அந்தம்மா என்னமோ சொன்னாளே. சாபம் விட்டாளா?”

“இல்லக்கா. நானும் நிலைப்படிக்கிட்ட நின்னு காதால கேட்டேன்.” நாச்சியார் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். “இட் வாஸ் கோயிங் டு கீப் ஹிம் வார்ம்.”

பூரணம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சொற்களும் அதில் இருந்தன. அதுதான் குழப்பியது.

“வாஸ்னா முடிஞ்சு போனது. கோயிங்னா இனிமேப் போறது. ரெண்டையும் ஒரே வாய்ல எப்படிப் போடுறாங்க?”

“அவங்க முடிஞ்சு போன ஒரு நாளுக்குத் திரும்பப் போவாங்க. அங்க போய் நின்னுக்கிடுவாங்க. அங்கேருந்து முன்னால பாப்பாங்க. என்ன தெரியுதோ அதைச் சொல்லுவாங்க. இந்தத் தொப்பி பிள்ளையைக் கதகதப்பா வச்சுக்கிடுறதா இருந்துச்சு. அதான் அந்தம்மா சொன்னது.”

“அங்கேருந்து பாத்தது நடக்காமப் போச்சுன்னா?”

“அதே சொல்தான்.”

“நடந்துருச்சுன்னா?”

“அப்பவும் அதைச் சொல்லலாம்.”

“அப்போ நடந்துச்சா நடக்கலையான்னு கேக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அந்த நாள்ல நிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பூரணத்துக்குச் சுருக்கென்றது.

“நம்மளுந்தான் பேசுறோம். பஸ்ஸு வர்றதா இருந்துச்சு, வரலைன்னு சொல்றோம். மழை வர்றதா இருந்துச்சுங்கிறோம். சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றதா இருந்தாங்கங்கிறோம். பெத்த பிள்ளையை யாராச்சும் அப்படிச் சொல்லுவாங்களா? நாக்கு அழுகிராது?”

நாச்சியார் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“சொல்லுங்க தாயி.”

“எந்திரிங்கக்கா. மாவாட்டணும்ல?”



நாலு மணிக்கு மாவு அரைத்து முடிந்தது.

பூரணம் பெரிய அண்டாவில் மாவை வழித்து, உப்புப் போட்டு, முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக் கலக்கினாள். மறுநாள் காலை நாற்பது பேருக்கான மாவு. கலக்கக் கலக்க அவள் மூச்சு சீரானது. அந்த வேலையில் மட்டும் அவளுக்குப் பயம் கிடையாது.

நாச்சியார் உள்ளே வந்தாள். அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள். ஒரே கவிழ்ப்பு.

வெள்ளை வெளேரென்று தரையெல்லாம் ஓடியது. கோமுவின் அரிவாள்மணைக்கு அடியில் போனது. சாக்கடை ஓட்டை வரைக்கும் போனது.

கோமு முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடியே எழுந்து நின்றுவிட்டாள். “இவுகளுக்கு என்ன ஆச்சு?”

சோற்றுப் பருக்கை கீழே விழுந்தால் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மடம் அது.

“இது என்னதுக்கா?” நாச்சியார் கேட்டாள்.

“மாவு.”

“காலையில என்னவா இருந்துச்சு?”

“அரிசி. உளுந்து.”

“நாளைக்கு?”

“நாளைக்கு என்னத்த நாளைக்கு! இட்லியா ஆகுறதா இருந்துச்சு. அதான் கவுத்திட்டீங்களே.”

“காலையிலேயே ஊறப்போட்டீங்களே. அதனாலயா கொட்டிப் போச்சு?”

மாவு சொட்டும் கையோடு பூரணம் நின்றாள்.

குரு எதைச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. நன்றாகவே புரிந்தது. புரிந்ததும் அடிவயிற்றிலிருந்து கோபம்தான் ஏறி வந்தது.

“மாவும் பிள்ளையும் ஒண்ணா?”

நாச்சியார் வாயைத் திறந்தாள்.

“இல்ல, சொல்லுங்க. அசையாத பிள்ளையைக் கையில வாங்கியிருக்கீங்களா? எவ்வளவு கனம் இருக்கும்னு தெரியுமா? நகம்கூட மொளைச்சிருந்துச்சு தாயி. நீங்க அண்டாவைக் கவுத்திக் காட்டுறீங்க. உங்களுக்கு மாவு தெரியும். அவ்வளவுதான் தெரியும்.”

குருவைப் பார்த்து அந்த மடத்தில் யாரும் அப்படிப் பேசினதில்லை. கோமு முருங்கைக்காயை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

நாச்சியாரின் முகம் சுருங்கியது. ஏதோ சொல்லப் போகிறாள் என்று பூரணம் நினைத்தாள். குருமார்கள் கடைசியில் ஒன்று சொல்வார்கள்.

நாச்சியார் தரையில் மண்டி போட்டாள். கொட்டாங்குச்சியை எடுத்தாள். மாவை வழிக்கத் தொடங்கினாள்.

“ஒண்ணு இல்லக்கா,” என்றாள். “எனக்குத் தெரியாது. தப்புதான்.”

அண்டா கவிழ்ந்ததைவிட இது பூரணத்துக்குப் பெரிய திகைப்பாக இருந்தது. எங்கேயாவது ஒரு குரு தப்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறோமா?

அவளும் குனியப் போனாள். வயிறு விடவில்லை. “நகருங்க, நான் பாத்துக்கிடுதேன்,” என்று கோமு துணியை எடுத்து வந்தாள்.



மறுநாள் காலை இட்லி இல்லை. கஞ்சிதான்.

பந்தி முடிகிற நேரம். பூரணம் அடுப்படியில் ஒரு மணைக்கட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நிலைப்படியில் இடிக்கிற சத்தம் கேட்டது.

ரூத்தம்மாதான். வலது கையில் வெள்ளைத் துணிக் கட்டு. இடது கையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. பின்னாலேயே நாச்சியார்.

பூரணம் அரைகுறையாக எழுந்தாள். ரூத்தம்மா அவளை உட்காரச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, தானும் ஈரத்தரையில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். நெட்டைக் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு பக்கமாக மடக்கிக்கொண்டாள்.

“மன்னிப்புக் கேக்க வந்திருக்காங்க,” என்றாள் நாச்சியார். “நம்ம வழக்கம் தெரியாதாம்.”

“நான்ல கேக்கணும்? கை வெந்து போச்சே.”

“ரெண்டு பேரும் கேட்டாச்சுன்னு வச்சுக்கோங்க.”

ரூத்தம்மா டப்பாவைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை வந்தது. உள்ளே ஒரு மஞ்சள் தொப்பி. நேற்று எரிந்ததைப் போலவே இருந்தது. புத்தம் புதுசு மாதிரி இருந்தது.

பூரணம் வயிற்றைக் கையால் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். “இன்னொண்ணா? தாயி, வேண்டாம்னு சொல்லுங்க!”

“உங்களுக்கு இல்லக்கா. கேளுங்க முதல்ல.”

ரூத்தம்மா பேசினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினாள். நாச்சியார் தமிழில் சொன்னாள்.

“இருபத்தெட்டு வருசம் முன்னாடி பின்னினது.”

“ம்.”

“இது நோராவுக்கு.”

“யாரு நோரா?”

“அவங்க பொண்ணு. ஏப்ரல் மாசம் வர்றதா இருந்தா. வரலை.”

பூரணத்துக்கு உடம்பு குப்பென்று வியர்த்தது. வராத பிள்ளைக்குப் பெயர். அதையும் சமையல்கட்டு ஈரத்தரையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்கிற மாதிரி சொல்கிறாள். தொப்பியைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது.

“பாத்தீங்களா தாயி!” என்று கத்தினாள். “பின்னுனாங்க! பேரு வச்சாங்க! பிள்ளை போச்சு! நான் சொல்லலை? நீங்க மாவைக் கவுத்தி என்ன, எதைக் கவுத்தி என்ன? இந்தம்மாவே சாட்சி!”

சொல்லி முடித்ததும் அவளுக்கே வாய் கசந்தது.

ரூத்தம்மா நாச்சியாரைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

நாச்சியார் தயங்கினாள். “அப்படியே சொல்லவா?”

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்லுங்க.”

நாச்சியார் சொன்னாள்.

ரூத்தம்மாவின் முகத்தைப் பூரணம் ஓரக்கண்ணால் பார்த்தாள். கொதிக்கிற தண்ணீரை முகத்தில் எறிந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது. இருபத்தெட்டு வருசத்தில் ஒருத்தரும் அந்த அம்மாவிடம் இப்படி ஒன்றைச் சொன்னதில்லை போலிருக்கிறது. நீ பின்னினாய், அதனால் செத்தது என்று.

நாச்சியார் அவளுடைய கட்டுப்போட்ட கையைத் தொட்டாள். ரூத்தம்மா கையை விலக்கிக்கொண்டாள்.

பிறகு ரூத்தம்மா டப்பாவின் அடியில் போட்டிருந்த காகிதத்தை எடுத்தாள். அதற்குக் கீழே இருந்து இன்னொரு தொப்பியை வெளியே எடுத்தாள்.

அதே மஞ்சள்தான். ஆனால் வெளிறிப்போயிருந்தது. உச்சியில் ஓட்டை. ஒரு பக்கம் பழுப்புக் கறை. கட்டுகிற கயிற்றின் நுனி சப்பிச் சப்பிக் கூழாகியிருந்தது.

“இது யாரோடது?” பூரணத்தின் குரல் கீழே வந்துவிட்டது.

ரூத்தம்மா சொன்னாள்.

“மரியனோடது,” என்றாள் நாச்சியார். “மரியனும் ஏப்ரல்ல வர்றதா இருந்தா.”

“எந்த வருசம்?”

“அதே வருசம்.”

“அது எப்படி?”

நாச்சியார் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினாள்.

“ரெட்டையா?” கோமுதான் கேட்டாள்.

“ரெட்டை.”

“மரியன் வந்தாளா?”

“வந்தா.”

“இப்ப இருக்காளா?”

ரூத்தம்மாவுக்கு இந்தக் கேள்வி மொழிபெயர்க்காமலே புரிந்தது. அவள் சொன்னதைக் கேட்டு நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது.

“மீன் கடை வச்சிருக்காளாம். அம்மாவுக்குப் பிடிக்காத ஒருத்தனைக் கட்டிக்கிட்டாளாம். வாரத்துக்கு ஒரு தடவ போன்ல சண்டை போடுவாளாம்.”

“வெள்ளைக்காரங்களும் மீன் விக்கிறாங்களா?” என்றாள் கோமு.

பூரணம் சிரிக்கவில்லை. பழைய தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனசு ஓட்டை தேடியது. எங்கேயாவது ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்தே ஆக வேண்டும்.

“எதை முதல்ல பின்னினாங்க? கேளுங்க.”

“ஒரே வாரத்துல ரெண்டும்.”

“நூலு?”

“ஒரே கண்டு.”

“ஊசி?”

“அதே ஊசிதான்க்கா.”

“இல்ல தாயி. நோரா தொப்பியை விளக்கு வச்ச நேரத்துல பின்னியிருப்பாங்க. இல்லாட்டி வெள்ளிக்கிழமை பின்னியிருப்பாங்க. நல்லா நெனைச்சுப் பாக்கச் சொல்லுங்க. நோரா தொப்பி பின்னும்போது என்ன பண்ணினாங்க? அதை மட்டும் கேளுங்க.”

நாச்சியார் கேட்டாள்.

ரூத்தம்மா இரண்டு தொப்பிகளையும் பார்த்தாள். பூரணத்தைப் பார்த்தாள். நாலே நாலு சொல் சொன்னாள். அப்புறம் இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

நாச்சியார் தொப்பிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன தாயி?”

“பின்னும்போது எது யாரோடதுன்னு தெரியாதாம்.”

“தெரியாதுன்னா?”

“ரெண்டு பிள்ளை வர்றதா இருந்துச்சு. ரெண்டு தொப்பி பின்னினாங்க. அவ்வளவுதான். ரெண்டு பேரு யோசிச்சு வச்சாங்க. அதுலயும் எது யாருக்குன்னு கிடையாது. ஏப்ரல்ல ஒருத்தி வந்தா. நர்ஸு டப்பாவுல கைவிட்டு, கையில அகப்பட்ட தொப்பியை எடுத்து அவ தலையில மாட்டினா. அது மரியனோடது ஆச்சு. மிச்சம் கிடந்தது நோராவோடது.”

பூரணம் கையை நீட்டினாள். நேற்று எறிந்த அதே கை. ரூத்தம்மா அந்தக் கையில் ஒரு தொப்பியை வைத்தாள். பூரணம் இன்னொரு கையையும் நீட்டினாள். ரூத்தம்மா அதில் மற்றதை வைத்தாள்.

பூரணம் இரண்டையும் பார்த்தாள். வலது கையில் இருந்ததை இடது கைக்கு மாற்றினாள். இடது கையில் இருந்ததை வலது கைக்கு மாற்றினாள். மறுபடி மாற்றினாள்.

கனம் ஒன்றுதான்.

“பின்னும்போது,” என்று ரூத்தம்மாவிடம் நேராகவே ஆரம்பித்தாள். பின்னுகிற மாதிரி விரலை ஆட்டிக் காட்டினாள். “யூ... ஹேப்பி?”

“வெரி,” என்றாள் ரூத்தம்மா.

பூரணம் தலையாட்டினாள். அந்த மத்தியானம் அவள் கண்முன்னால் வந்து நின்றது. ஜன்னல் வெயில் மடியில் விழுந்திருந்தது. பொத்தானுக்கு நூல் கோக்கும்போது உள்ளே ஒரு உதை. ஊசி விரலில் ஏறியது. அவள் சத்தம் வராமல் சிரித்தாள். வீடே தூங்கிக்கொண்டிருந்தது. அந்த மத்தியானத்தில் ஒரு குறையும் இல்லை. மூன்று வருசமாக அந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

“என் பிள்ளையும் வர்றதா இருந்தான்,” என்றாள்.

தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டாள். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாக்கு நாக்காகத்தான் இருந்தது.

கையை எடுத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னாள். “ஆனியில வர்றதா இருந்தான்.”

நாச்சியார் அதை இங்கிலீஷில் சொன்னாள். ரூத்தம்மா கட்டுப்போட்ட கையால் பூரணத்தின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

அடுப்பில் மிச்சக் கஞ்சி பொங்கி வழிந்தது. இறக்கி வைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பூரணம் தொப்பிகளை டப்பாவில் வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தலை சுற்றியது. இந்தத் தடவை அதை மறைக்கவில்லை.

“தாயி, கீழ ஆஸ்பத்திரிக்குப் போக ஜீப்பு எப்பக் கிடைக்கும்?”

“வாசல்ல நிக்குது.”

“யாரு வரச் சொன்னது?”

“நான்தான். நேத்து.”

பூரணம் அப்படியே நின்றுவிட்டாள். “நேத்து நான் மாட்டேன்னுல்ல சொன்னேன்?”

“ஆமாக்கா,” என்றாள் நாச்சியார். “நீங்க சொல்லி முடிச்சதும்தான் எந்திரிச்சுப் போயி சொல்லி அனுப்பினேன்.”